ஸ்மார்ட் ஸ்விட்ச், பல்பு, பிளக் மக்கர் பண்ணினால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

ஸ்மார்ட் சாதனம் சொன்னபடி கேட்கவில்லை என்றதும் பெரும்பாலோர் முதலில் அழுத்துவது ரீசெட் பட்டனைத்தான். அதைக் கடைசிக்கு வையுங்கள். ரீசெட் ஆனதும் சாதனம் வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் மறந்துவிடும். கோளாறு ரூட்டரிலோ கரண்டிலோ இருந்தால் மறுபடி சேரவும் சேராது. ஒரு தொல்லை இரண்டாகிவிடும். கீழே இருப்பவை சென்னை வீடுகளில் திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் தீர்வது முதலில், செலவு வைப்பது கடைசியில்.

கையில் ஒரு டெஸ்டரும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் இருந்தால் போதும். டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) விட்டுப்போன இடத்திலும் அது எரிந்து ஏமாற்றும்.

ஸ்விட்ச் போர்டைத் திறக்கும் முன் மெயினை அணையுங்கள், இன்வெர்ட்டரையும் அணையுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை மட்டும் அணைத்தால் லைட்டும் ஃபேனும் உள்ள லைன் உயிரோடுதான் இருக்கும். இந்த ஒரு விஷயத்தை மறந்துதான் பலர் ஷாக் வாங்குகிறார்கள்.

## புதுச் சாதனம் செயலியில் சேரவே மாட்டேன் என்கிறது

முதலில் சாதனத்தில் உள்ள சின்ன விளக்கைப் பாருங்கள்.

### விளக்கு மின்னவே இல்லை

சேர்க்கும் நிலைக்கு அது போகவில்லை. பிளக், ஸ்விட்ச் என்றால் பட்டனை 5 முதல் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பல்பு என்றால் சுவர் ஸ்விட்ச்சை 3 முதல் 5 தடவை, தடவைக்கு ஒரு விநாடி விட்டு, ஆன்-ஆஃப் செய்யுங்கள். எத்தனை தடவை என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும், அட்டைப்பெட்டியில் இருக்கும்.

### வேகமாக மின்னுகிறது, ஆனால் சேரவில்லை

இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். இந்த வரிசையில் பாருங்கள்:

1. போன் எந்த வைஃபையில் இருக்கிறது? விலை குறைந்த பிளக், பல்பு, ஸ்விட்ச் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும்தான் பார்க்கும். 5 ஜிகாஹெர்ட்ஸ் அவற்றின் கண்ணுக்கே தெரியாது.
2. போனில் விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். மொபைல் டேட்டாவை அணையுங்கள். லொகேஷனை ஆன் செய்து, செயலிக்கு அந்த அனுமதியைக் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் அது இல்லாமல் பல செயலிகளால் அருகில் உள்ள சாதனத்தைத் தேடவே முடியாது.
3. பாஸ்வேர்டைத் தட்டும்போது கண் சின்னத்தை அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கியிருக்கும். பெரும்பாலும் சாதனம் 'தவறான பாஸ்வேர்டு' என்று சொல்லாது, 'சேர்க்க முடியவில்லை' என்று மட்டும் சொல்லும்.
4. ஃபைபர் இணைப்போடு வரும் மோடம்களில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் போட்டிருப்பார்கள். பிரவுசரில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் நுழைந்து இரண்டையும் பிரித்து, 2.4-க்குத் தனிப் பெயர் வையுங்கள். நுழைய வேண்டிய முகவரி, பாஸ்வேர்டு இரண்டும் பெரும்பாலும் மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும்.
5. அதே பக்கத்தில் பாதுகாப்பு வகை 'டபிள்யூபிஏ3' மட்டும் என்றிருந்தால் 'டபிள்யூபிஏ2' ஆக்குங்கள். கெஸ்ட் வைஃபை வேண்டாம். அதில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும்.
6. இதுவும் போதாவிட்டால் பட்டனை இன்னொரு முறை 5 விநாடி அழுத்துங்கள். துயா வகைச் சாதனங்கள் (ஸ்மார்ட் லைஃப் போன்ற செயலியில் சேர்பவை) இப்போது மெதுவாக மின்னும். அதாவது சாதனமே ஒரு வைஃபையைக் கிளப்பிவிட்டுக் காத்திருக்கிறது. போனை அந்த வைஃபையில் சேர்த்துவிட்டுச் செயலிக்குத் திரும்புங்கள். 'இதில் இணையம் இல்லை, வெளியேறவா?' என்று போன் கேட்கும். இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.

### 'வேறு கணக்கில் சேர்ந்திருக்கிறது' என்கிறது

கைமாறிய சாதனம், அல்லது வேலை செய்து கொடுத்தவர் தன் போனில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். ரீசெட்டால் இது தீராது. பழைய கணக்கில் இருந்து அவர்தான் நீக்க வேண்டும். ஆள் போகும் முன் உங்கள் போன் நம்பரில் உங்கள் முன்னாலேயே கணக்கு தொடங்கச் சொல்லுங்கள்.

மேட்டர் (பல நிறுவனச் சாதனங்களுக்கும் பொதுவான தரநிலை) முத்திரை உள்ள சாதனமாக இருந்தால் அதன் கியூஆர் குறியீட்டையும் 11 இலக்க எண்ணையும் சுவரில் பொருத்தும் முன்பே படம் எடுத்து வையுங்கள். பல ஸ்விட்ச்களில் அது முதுகுப் பக்கம்தான் இருக்கும். பொருத்திய பிறகு வேண்டுமென்றால் மறுபடி கழற்றியாக வேண்டும்.

## நேற்று வரை ஓடியது, இன்று 'ஆஃப்லைன்'

கேள்வி ஒன்றுதான்: எத்தனை சாதனம் போயிருக்கிறது?

### எல்லாமே போய்விட்டது

மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். அதன் பிறகு 5 நிமிடம் எதையும் தொடாதீர்கள். ஒவ்வொன்றாகத் தானே வந்து சேரும்.

மோடம் புதிதாக மாற்றப்பட்டிருந்தால் தீர்வு இன்னும் எளிது. புது மோடத்தில் பழைய வைஃபையின் பெயரையே வையுங்கள், பழைய பாஸ்வேர்டையே போடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும். 20 சாதனம் இருந்தாலும் ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை. இது தெரியாமல் ஏணி போட்டு ஒவ்வொரு பல்பாக ரீசெட் செய்பவர்கள் உண்டு.

### வீட்டில் பாதி மட்டும் போய்விட்டது

வைஃபையை விடுங்கள், கரண்டைப் பாருங்கள். மூன்று பேஸ் (கரண்ட் கொண்டுவரும் லைன்) இணைப்புள்ள வீட்டில் ஒரு பேஸ் போனால் அந்தப் பேஸில் உள்ள அறைகள் மட்டும் இருண்டுவிடும். பகலில் லைட் போடாததால் தெரியாது, செயலியில் 'ஆஃப்லைன்' என்று மட்டும் தெரியும். பேஸ் மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் மாற்றிப் போடுங்கள்.

ஆனால் ஒரு அறையில் லைட் பளீரென்று கூடி, இன்னொரு அறையில் மங்கினால், அல்லது ஃபேன் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால், அது நியூட்ரல் விட்டுப்போன அறிகுறி. பளீரென்று எரியும் அறையில் மல்டிமீட்டர் 260 வோல்ட்டைத் தாண்டிக்கூடக் காட்டும். உடனே மெயினை அணையுங்கள். இதில் நீங்கள் செய்ய எதுவும் இல்லை. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. எந்த நேரமும் புகார் எடுப்பார்கள். அவர்கள் வந்து சரிசெய்யும் வரை மெயினைப் போடாதீர்கள். இதை அலட்சியம் செய்தால் ஸ்மார்ட் ஸ்விட்ச் மட்டுமல்ல, டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து போகும்.

### ஒன்றே ஒன்று மட்டும் போய்விட்டது

பல்பாக இருந்தால் யாரோ பழக்கதோஷத்தில் சுவர் ஸ்விட்ச்சை அணைத்திருப்பார்கள். ஸ்மார்ட் பல்புக்குக் கரண்ட் எப்போதும் இருக்க வேண்டும். அந்த ஸ்விட்ச் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

சுவருக்குள், ஸ்விட்ச்சுக்குப் பின்னால் பொருத்தும் மாட்யூல் (சின்ன ஸ்மார்ட் பெட்டி) என்றால் சிக்னலைச் சந்தேகியுங்கள். நம் வீடுகளில் மாடுலர் ஸ்விட்ச்சுக்கு உள்ளே இரும்புப் பெட்டிதான் புதைத்திருப்பார்கள். அதற்குள் மாட்யூலை அமுக்கி, மேலே தகடும் போட்டால் வைஃபை பாதி செத்துவிடும். துயா வகைச் செயலிகளில் சாதனத்தின் நெட்வொர்க் சோதனை என்ற இடத்தில் சிக்னல் அளவு இருக்கும். -65 என்றால் நன்று; மைனஸுக்குப் பின் உள்ள எண் கூடக்கூடச் சிக்னல் பலவீனம். -75-ஐத் தாண்டினால் அவ்வப்போது அறுந்து போகும். -80-ஐயும் தாண்டினால் நிலைக்காது. மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து மூடியைக் கழற்றி, மறுபடி கரண்ட் கொடுத்து, உள்ளே கை வைக்காமல் எண் மேம்படுகிறதா பாருங்கள். மேம்பட்டால் மாட்யூலை ஒயர் குவியலுக்குப் பின்னால் தள்ளாமல் முன்பக்கம் கொண்டு வாருங்கள், ஆன்டெனா பக்கம் பிளாஸ்டிக் தகட்டைப் பார்க்கட்டும். அதிலும் தேறாவிட்டால் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் 2.4-இன் சேனலைத் தானியங்கியில் விடாமல் 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள். அடுக்குமாடிகளில் சேனல் மாற்றுவதே போதும் என்ற வீடுகள் நிறைய. ரிப்பீட்டர் வாங்குவது இதற்கெல்லாம் பிறகு.

கடைசிச் சந்தேகம் மோடத்தின் கொள்ளளவு. இணைப்போடு இலவசமாக வரும் மோடங்கள் பல, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வைஃபை சாதனங்களை ஏற்காது. புதிதாக ஒன்று சேர்த்ததும் பழையது ஒன்று உதிர்கிறதென்றால் இதுதான். தனியாக ஒரு ரூட்டர் வாங்கித்தான் ஆக வேண்டும்.

## கரண்ட் போய் வந்த பிறகு தொல்லை

### பல்பு தானாக மின்னிக்கொண்டே இருக்கிறது

கரண்ட் நின்று வரும்போது நாலைந்து தடவை வெட்டி வெட்டி வந்திருக்கும். பல்பு அதை யாரோ ரீசெட் செய்வதாக நினைத்துவிட்டது. மறுபடி சேருங்கள். ஆனால் செயலியில் பழையதை நீக்காதீர்கள். ஸ்மார்ட் லைஃப் போன்றவற்றில் நீக்காமல் அதே கணக்கில் சேர்த்தால் பெயரும் டைமரும் பெரும்பாலும் அப்படியே கிடைக்கும்.

### நள்ளிரவில் கரண்ட் வந்ததும் எல்லா விளக்கும் எரிகிறது

செயலியில் ஒவ்வொரு சாதனத்துக்கும் 'கரண்ட் வந்ததும் என்ன நிலை' என்று ஓர் அமைப்பு இருக்கும். ஆன், ஆஃப், கடைசி நிலை என மூன்று. விளக்குக்குக் 'கடைசி நிலை'. கீசருக்கும் மோட்டாருக்கும் கண்டிப்பாக 'ஆஃப்'.

### கரண்ட் வந்தும் சாதனங்கள் திரும்பவில்லை

மோடம் எழுந்து இணையம் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் கிளம்பிவிட்ட சாதனங்களில் சில முயற்சியைக் கைவிட்டுவிடும். அதற்கு மட்டும் கரண்டைத் துண்டித்துக் கொடுங்கள். அடிக்கடி நடந்தால் மோடத்துக்கு ஒரு மினி யூபிஎஸ் போடுங்கள். வாங்கும் முன் மோடம் அடாப்டரில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: பெரும்பாலும் 12 வோல்ட், ஆம்பியர் மட்டும் 1, 1.5, 2 என்று மாறும். யூபிஎஸ்ஸின் ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குவதானால் அடாப்டரையே கையோடு எடுத்துப் போங்கள்; பின்னின் தடிமன் பொருந்தாமல் திரும்ப அலைய வேண்டாம்.

இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த நொடியில் சாதனங்கள் அணைந்து எழுந்தால், இன்வெர்ட்டரின் பின்பக்கம் யூபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். அதில் மாறும் நேரம் குறைவு.

## அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரிகிறது

நியூட்ரல் இல்லாமல் வேலை செய்யும் ஸ்மார்ட் ஸ்விட்ச் தான் உயிரோடு இருக்க பல்பு வழியாகவே கொஞ்சம் கரண்ட் இழுக்கும். 3 வாட் நைட் லாம்புக்கு அந்தக் கொஞ்சமே எரியப் போதும்.

முதலில் வாட் கூடிய பல்பு ஒன்றை மாட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் அதே போதும். நிற்காவிட்டால் ஸ்விட்ச்சோடு பெட்டியில் வந்த சின்னக் கெபாசிட்டரை பல்பு இருக்கும் இடத்தில், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, பல்புக்கு இணையாக இணைக்க வேண்டும். ஸ்விட்ச் பக்கம் அல்ல. அதையும் செய்து நிற்கவில்லை என்றால், பேஸுக்குப் பதில் நியூட்ரலை ஸ்விட்ச்சில் வெட்டியிருப்பார்கள். ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போது ஹோல்டரின் ஒரு பக்கத்துக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் முழு 230 காட்டினால் அதுவேதான். வயரிங் தவறு, எலக்ட்ரீஷியன் வேலை.

நியூட்ரல் தேவைப்படும் வகை ஸ்விட்ச்சே நல்லது. 'பழைய வீடு, போர்டில் நியூட்ரல் இருக்காது' என்று பலர் தாமாக முடிவு செய்துவிடுகிறார்கள். அதே போர்டில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் நியூட்ரல் அங்கே இருந்தே தீரும். கட்டில் பக்கத்து டூவே ஸ்விட்ச், மாடிப்படி ஸ்விட்ச் போன்ற ஒற்றைப் பெட்டிகளில்தான் அது இருக்காது. கறுப்பு ஒயர் நியூட்ரல் என்ற வழக்கை பழைய கட்டடங்களில் நம்பாமல் மீட்டரால் உறுதி செய்யுங்கள்.

## ஸ்மார்ட் ஸ்விட்ச் போட்ட பிறகு ஆர்சிசிபி விழுகிறது

ஆர்சிசிபி என்பது போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமில்லாவிட்டால் தானே அணையும் பாதுகாப்பு ஸ்விட்ச். ஸ்மார்ட் ஸ்விட்ச் ஒன்று போட்டபோது விழவில்லை, நாலைந்து சேர்ந்ததும் விழுகிறது என்றால் காரணம் ஏறத்தாழ உறுதி: நியூட்ரலை வேறு லைனில் இருந்து எடுத்திருக்கிறார்கள். அதைவிட மோசம், பச்சை எர்த் ஒயரையே நியூட்ரலாக மாட்டியிருக்கிறார்கள். ஒரு மாட்யூல் இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான். எண்ணிக்கை கூடக்கூட ஆர்சிசிபியின் 30 மில்லி ஆம்பியர் எல்லையை நெருங்கி விழுகிறது. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் ஈபி லைனின் நியூட்ரலும் ஒரே போர்டில் கலந்த வீடுகளிலும் இதே கதை.

சோதனை: மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்து மாட்யூலின் நியூட்ரல் முனையில் என்ன நிற ஒயர் என்று பாருங்கள். பச்சை என்றால் அந்த மாட்யூலை அன்றே கழற்றுங்கள். மற்றது லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டியது. ஆர்சிசிபியை எடுத்துவிட்டு வெறும் ஐசொலேட்டர் (கசிவைக் கண்டுபிடிக்காத சாதாரண மெயின் ஸ்விட்ச்) போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

## ஃபேன் உறுமுகிறது, வேகம் மாறவில்லை

பழைய ரெகுலேட்டரும் ஸ்மார்ட் மாட்யூலும் ஒரே லைனில் இருந்தால் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு லைனை நேராக இணையுங்கள். லைட்டுக்கான டிம்மரை ஃபேனுக்கு மாட்டினால் உறுமத்தான் செய்யும். ஃபேனுக்குக் கெபாசிட்டர் படிநிலை வைத்த மாட்யூல் தனியாக உண்டு.

பிஎல்டிசி ஃபேனுக்கு (குறைந்த கரண்டில் ஓடும் புது வகை) இரண்டும் வேண்டாம். அதற்குள் ஏற்கெனவே எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, முழு 230 வோல்ட் நேராகப் போக வேண்டும். ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தால் ஃபேனுக்குள் உள்ள போர்டு போய்விடலாம். அதன் ரிமோட் அகச்சிவப்பு வகையாக இருந்தால் ஒரு ஐஆர் பிளாஸ்டர் (ரிமோட் போல அகச்சிவப்புச் சிக்னல் அனுப்பும் ஸ்மார்ட் சாதனம்) வாங்கிக் கட்டுப்படுத்துங்கள். ஃபேனுக்கும் பிளாஸ்டருக்கும் நடுவே திரையோ பீரோவோ மறைக்கக் கூடாது.

## ஸ்மார்ட் பிளக் சூடாகிறது, கருகல் வாடை வருகிறது

வாடை வந்தால் சோதனை எதுவும் வேண்டாம். எம்சிபியை (அந்த லைனுக்கான பாதுகாப்பு ஸ்விட்ச்) அணைத்துவிட்டுப் பிளக்கை உருவுங்கள்.

பிறகு பிளக்கில் எழுதியுள்ள ஆம்பியரைப் பாருங்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர், 3000 வாட் என்றால் 13 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் பிளக்கில் இரண்டாவது கீசர் கூடவே கூடாது, முதலாவதும் வேண்டாம். 16 ஆம்பியர் வாங்குங்கள். ஏசிக்கும் அதுவே குறைந்தபட்சம். ஏசிக்கு என்னைக் கேட்டால் பிளக்கே வேண்டாம், ஐஆர் பிளாஸ்டர் போதும்.

ஆம்பியர் சரியாக இருந்தும் சூடானால் குற்றவாளி சுவர் சாக்கெட். உள்ளே உள்ள பித்தளைக் கவ்வி தளர்ந்திருக்கும். பிளக்கைச் செருகும்போது இறுக்கம் தெரிய வேண்டும்; தொளதொளவென்று போனால் சாக்கெட்டை மாற்றுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் உப்புக்காற்றில் முனைகளில் பச்சை பூத்திருக்கும். ஒயர் நுனியைப் புதிதாகச் சீவி இறுக்க வேண்டும். சாக்கெட்டுக்குப் பின்னால் ஒயரின் தோல் கறுத்திருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் போல தரைத்தளத்தில் தண்ணீர் ஏறி மூழ்கிய பிளக்கையும் மாட்யூலையும் காயவைத்து மாட்டாதீர்கள். உள்ளே படிந்த சேறு பிறகு ஒரு நாள் ஷார்ட் ஆகும்.

## செயலியில் ஆஃப் செய்தும் சம்ப் மோட்டார் நிற்கவில்லை

'டிக்' சத்தம் கேட்கிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. அல்லது சத்தமே இல்லை. ஸ்விட்ச்சுக்குள் உள்ள ரிலேயின் (கரண்டை இணைத்துத் துண்டிக்கும் பாகம்) முனைகள் ஒட்டிப் பற்றவைத்தது போல ஆகிவிட்டன. 1 எச்பி மோட்டார் ஓடும்போது இழுப்பது 7 ஆம்பியர் சுற்றில் இருந்தாலும் கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். எம்சிபியை அணைத்து மோட்டாரை நிறுத்துங்கள். அந்த ஸ்விட்ச் இனி உதவாது.

புதிதாகப் போடும்போது நடுவில் 230 வோல்ட் காயில் (கம்பிச்சுருள்) உள்ள கான்டாக்டர், அதாவது பெரிய கரண்டைத் தாங்கும் ஸ்விட்ச், ஒன்று வேண்டும். ஸ்மார்ட் ஸ்விட்ச் காயிலை மட்டும் இயக்கும், மோட்டார் கரண்ட் கான்டாக்டர் வழியே போகும். ஸ்டார்ட், ஸ்டாப் பட்டன் உள்ள பேனல் வைத்த போர்வெல் மோட்டாருக்கு இந்த வழியும் பொருந்தாது. பேனல் வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## அலெக்சாவோ கூகுளோ 'பதில் வரவில்லை' என்கிறது

சாதனத்தின் சொந்தச் செயலியில் ஆன் செய்து பாருங்கள். அங்கேயும் நடக்காவிட்டால் மேலே 'ஆஃப்லைன்' பகுதிக்குப் போங்கள். அங்கே நடந்து இங்கே நடக்கவில்லை என்றால் அலெக்சா அல்லது கூகுள் செயலியில் அந்தச் செயலிக்கான இணைப்பைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். பாஸ்வேர்டு மாற்றியிருந்தால் பெரும்பாலும் இதுதான்.

தப்பான விளக்கு எரிந்தால் பெயரில் குழப்பம். அறைக்கும் 'பெட்ரூம்', விளக்குக்கும் 'பெட்ரூம்' என்று வைக்காதீர்கள்.

## டைமர் தப்பான நேரத்தில் அடிக்கிறது

சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகினால் செயலியில் நேர மண்டலம் இந்தியாவுக்கு மாற்றப்படவில்லை. சூரிய அஸ்தமனத்தோடு கட்டிய வாசல் விளக்கு பிசகினால் வீட்டின் இடம் செயலியில் சென்னை என்று இருக்கிறதா பாருங்கள். இங்கே அஸ்தமனம் நவம்பரில் ஏறத்தாழ 5.40, ஜூலைத் தொடக்கத்தில் 6.40. 6 மணி என்று நிலையாக வைத்தால் ஐப்பசியில் விளக்கு எரியும் முன்பே வாசல் இருட்டத் தொடங்கிவிடும்.

## மழைக்காலத்தில் மட்டும் ஸ்மார்ட் லாக் திணறுகிறது

பூட்டு கெட்டிருக்காது, மரக்கதவு ஊறியிருக்கும். கதவைத் திறந்து வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். தாழ் தடையில்லாமல் வெளியே வந்தால் பூட்டு நன்றாக இருக்கிறது. கதவு நிலையில் உள்ள துளையில் கரித்தூளோ உதட்டுச்சாயமோ தடவிக் கதவை மூடித் தாழைப் போட்டுப் பாருங்கள். எங்கே உரசுகிறது என்று தெரியும். அந்தப் பக்கம் இரண்டு மில்லிமீட்டர் தச்சர் அராவினால் போதும். உரசலோடு விட்டால் மோட்டார் முக்கி முக்கி பேட்டரி சீக்கிரம் தீரும்.

பேட்டரி மாற்றும்போது நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள், ஆல்கலைனே போடுங்கள். ரீசார்ஜ் பேட்டரியில் வோல்ட் குறைவு, பல பூட்டுகள் தீரும் முன் எச்சரிக்காது. பேட்டரி முழுதாகச் செத்து வெளியே மாட்டிக்கொண்டால் பூட்டின் கீழ்விளிம்பைத் தடவிப் பாருங்கள். 9 வோல்ட் பேட்டரி வைக்கும் இரண்டு புள்ளிகளோ, யூஎஸ்பி துளையோ இருக்கும். அதில் கரண்ட் கொடுத்தபடியே எண்ணை அழுத்தினால் திறக்கும். இரண்டுமே இல்லாத பூட்டு என்றால், அதன் சாவி ஒன்று வீட்டுக்கு வெளியே, நம்பகமான ஒருவரிடம் இருக்க வேண்டும்.